இரும்பல்ல மருந்து!

கையிலே சாவிக்கொத்தைத் திணித்தால் காக்கை வலிப்பு நின்றுவிடுமாம்! நாட்டிலே இன்னமும் நம்புகிறார்கள். மாடி வீட்டிலும் நம்புகிறார்கள், மண் குடிசையிலும் நம்புகிறார்கள். பட்டம் பெற்றவர் பதறி ஓடிப் பேருந்து ஓட்டுநரிடம் சாவி கேட்கிறார். பட்டறைத் தொழிலாளி தன் சுத்தியலையே எடுத்து நீட்டுகிறார். இருவர் நெஞ்சிலும் இரக்கம் இருக்கிறது. அதை நாம் பழிக்கவில்லை. இரக்கம் இருக்கும் இடத்திலே அறிவும் சற்று இருக்கலாகாதா என்றுதான் கேட்கிறோம்.

"ஐயா, கண்ணாலே கண்டேன்! இரும்பைக் கொடுத்தார்கள், இரண்டே நிமிடத்தில் வலிப்பு நின்றது. இதற்கென்ன சொல்கிறீர்?" என்று மடக்குவோர் உண்டு. சொல்கிறோம். வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். இரும்பைக் கொடுத்தாலும் நிற்கும். கரும்பைக் கொடுத்தாலும் நிற்கும். ஒன்றுமே கொடுக்காமல் ஓரமாய் நின்றாலும் நிற்கும்! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைத் தாத்தா காலத்திலேயே சொல்லி வைத்தார்கள். காக்கை வலிப்பு என்று நோய்க்குப் பெயர் வைத்தவர்களுக்கு, அந்தக் கதை மட்டும் மறந்து போயிற்று.

"இருக்கட்டுமே, இரும்பால் என்ன கேடு வந்துவிட்டது?" என்பார் இன்னொருவர். கேடு இதுதான், தோழர்களே! இரும்பு கொடுத்தோம், நோய் நின்றது என்று எண்ணிக் கூட்டம் கலைகிறது. விழுந்தவர் எழுந்து, துண்டை உதறித் தோளிலே போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். மருத்துவரிடம் போகவில்லை. மறுபடி விழுகிறார், மறுபடியும் இரும்பு! மூன்றாம் முறை அவர் விழுமிடம் கிணற்றங்கரையாக இருக்கலாம். எரிகின்ற அடுப்பாக இருக்கலாம். மூன்றாம் மாடிச் சாரமாக இருக்கலாம். இரும்பு வலிப்பை நிறுத்தவில்லை. மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டிய கால்களை நிறுத்திவிட்டது!

இரும்பைத் தேடி ஓடும் அந்த இரண்டு நிமிடத்தில் செய்ய வேண்டியது என்ன? மிகவும் எளிது. சுற்றி இருக்கும் கல், கம்பி, சூடான பொருள் ஆகியவற்றை அகற்றுக. தலைக்கடியில் துண்டை மடித்து வைக்க. கழுத்துப் பட்டையைத் தளர்த்துக. கடிகாரத்தைப் பார்க்க. துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க. வாயிலுள்ள எச்சில் வெளியே வழியட்டும். கை கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டா. பல்லுக்கு நடுவே கரண்டியைச் செருக வேண்டா. பல் உடையும், மூச்சு அடைக்கும். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர், சோடா எதையும் வாயில் ஊற்ற வேண்டா. வலிப்பு 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் அடுத்த வலிப்பு வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, கருவுற்ற பெண்ணாயிருந்தாலோ, அதுவே முதல் வலிப்பானாலோ, உடனே 108-ஐ அழைக்க. 5 நிமிடம் கடந்த வலிப்பு உயிருக்கு உலை வைக்கும். அதை அடக்க ஊசி மருந்து இருக்கிறது.

இந்த நோய் எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்தா? வழியிலே நின்ற பேயிடமிருந்தா? முன்வினையிலிருந்தா? ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே, கிரேக்க நாட்டு மருத்துவ மேதை ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல் ஒன்று இதற்கு விடை சொல்லிவிட்டது. அந்நாட்டிலே அப்போது இதைத் 'தெய்வ நோய்' என்றார்கள். மற்ற நோய்களில் இல்லாத தெய்வத்தன்மை எதுவும் இதில் இல்லை, இதன் இருப்பிடம் மூளை என்று அந்த நூல் அடித்துச் சொல்லிற்று. சொல்லி என்ன? உலகமெங்கும் பூசாரியின் உடுக்கை ஓயவில்லை. வேப்பிலை அடி நிற்கவில்லை. தாயத்துக் கடை மூடப்படவில்லை.

மூளையின் நரம்பணுக்கள் மிக நுண்ணிய மின்குறிகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒழுங்காகப் பேசினால் சிந்திக்கிறோம், நடக்கிறோம், நெசவு நெய்கிறோம். பல அணுக்கள் திடீரென்று ஒரே நேரத்தில் வரம்பு மீறி மின்குறிகளைப் பாய்ச்சினால் அதுவே வலிப்பு. அந்தக் குழப்பம் மூளை முழுவதும் பரவினால் நினைவிழந்து, உடல் விறைத்து, கை கால் வெட்டி இழுக்கும். ஒரு மூலையில் மட்டும் நின்றால் அந்த மூலையின் வேலை மட்டும் கெடும். இதிலே பேய்க்கு இடமெங்கே? 1924-இல் ஜெர்மன் நாட்டு ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைக் கருவிகொண்டு பதிவு செய்தார். அன்று முதல் அலையை அளக்கிறோம். பேயை அளந்தவர் இன்றுவரை எவருமில்லை!

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்த நோய் உண்டு. அவர்களில் நூற்றுக்கு 80 பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்றும் அதே நிறுவனம் கூறுகிறது. அப்படியிருந்தும், ஏழை நாடுகளில் நால்வரில் மூவருக்கு உரிய மருத்துவம் கிட்டவில்லை. மருந்து இருக்கிறது, நோயாளி இருக்கிறார். இடையிலே அறியாமையும், வறுமையும், வெட்கமும் மதிலாக எழுந்து நிற்கின்றன.

அந்த மதிலைத் தகர்க்கும் முதல் கருவி எது தெரியுமா? பல இலட்சம் ரூபாய் எந்திரமல்ல. பக்கத்திலே நின்ற தோழனின் கண்! ஆம், வலிப்பைக் கண்டறிவதிலே முதற் சான்று, நேரில் பார்த்தவர் சொல்லும் செய்தி. விழுந்தவருக்கு நடந்தது எதுவும் நினைவிருக்காது. மருத்துவர் அங்கே இருந்திருக்க மாட்டார். பார்த்தவர் நீங்கள். ஆகவே, நோயாளியோடு நீங்களும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விழுமுன் என்ன செய்தார்? முகம் வெளுத்ததா, நீலம் பூத்ததா? உடல் விறைத்ததா, துவண்டதா? துடிப்பு எந்தக் கையில் தொடங்கிற்று? தலை எப்பக்கம் திரும்பிற்று? எத்தனை நிமிடம் நீடித்தது? எழுந்தபின் தெளிவாகப் பேசினாரா, திருதிருவென்று விழித்தாரா? இவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். கைபேசியில் படம் எடுக்க முடிந்தால், வேடிக்கைக்காக அல்ல, மருத்துவருக்குக் காட்ட மட்டும் எடுங்கள்.

ஏன் இவ்வளவு கேள்வி? விழுந்தவரெல்லாம் வலிப்பு நோயாளி அல்லர். வெயிலிலே நெடுநேரம் நின்று, கண் இருண்டு, வியர்த்து, வெளுத்துத் துவண்டு விழுவது மயக்கம். அதிலும் கை கால் ஓரிரு முறை வெட்டும்; ஆனால் படுத்தவுடன் விரைவில் தெளிவு வந்துவிடும். வலிப்பிலோ நாக்கின் ஓரம் கடிபடும், சிறுநீர் கழியலாம், தெளிவு திரும்பப் பல நிமிடம் ஆகும். மூட்டை தூக்கும்போதோ ஓடும்போதோ பொத்தென்று விழுந்தால் இதயத் துடிப்பின் கோளாறாக இருக்கலாம். அதனால்தான் நினைவிழந்து விழுந்த ஒவ்வொருவருக்கும் இ.சி.ஜி. எடுக்கச் சொல்கிறார்கள். நீரிழிவுக்கு ஊசி போடுபவருக்குச் சர்க்கரை மிகத் தாழ்ந்தாலும் வலிப்பு வரும். விரல் நுனிச் சொட்டு இரத்தம் அதைக் காட்டிவிடும். மனத்தின் பாரம் தாங்காமல் வரும் வலிப்புப் போன்ற தாக்கமும் உண்டு. அது நடிப்பல்ல, அதற்குரிய மருத்துவம் வேறு.

இன்னொரு செய்தியைத் தொழிலாளத் தோழர்கள் காதிலே போட்டுக்கொள்ள வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால், 6 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். அதைக் கண்டு, "குடியை விட்டதால் வந்த கேடு, மறுபடி குடி" என்று ஊற்றிக் கொடுக்காதீர்கள்! குடியை விடுவதே சரி. நாள்தோறும் குடித்தவர் மருத்துவர் கண்காணிப்பிலே விடுவது அதனினும் சரி.

எல்லா வலிப்பும் கீழே தள்ளுவதுமில்லை. பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று வெறித்துப் பார்ப்பார், உதட்டைச் சப்புவார், சட்டைப் பித்தானைத் திருகுவார், ஒரு நிமிடம் கழித்து ஒன்றும் நடவாதது போலப் பேசுவார். வயிற்றிலிருந்து ஏதோ மேலே கிளம்புவது போல முன்கூட்டியே உணர்வாரும் உண்டு. காலையில் எழுந்ததும் தோள் வெட்டி, கையிலிருக்கும் தேநீர்க் குவளை எகிறும் இளைஞர்களும் உண்டு. இவையும் வலிப்பே. 'முழிப்பு சரியில்லை, சோம்பேறி, குடிகாரன்' என்று மேலாளர் ஏசுகிறாரே, அந்த ஏச்சுக்குப் பின்னால் எத்தனை பேருடைய நோய் மறைந்து கிடக்கிறதோ!

கேட்டறிந்த பிறகே எந்திரம். மூளை மின்னலைப் பதிவான இ.இ.ஜி. எந்த வகை வலிப்பு என்பதைச் சொல்ல உதவும். ஆனால் அது சரியாக இருந்தால் நோயே இல்லை என்று பொருளல்ல. பதிவு எடுக்கும் அரைமணியில் மூளை அமைதியாக இருந்திருக்கலாம். எம்.ஆர்.ஐ. படம் மூளையின் தழும்பு, கட்டி, பழைய காயம் ஆகியவற்றைக் காட்டும். தூண்டுதல் எதுவுமின்றி, 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு வலிப்பு வந்தாலே வலிப்பு நோய் என்பது பொது இலக்கணம். ஒருமுறை மட்டும் வந்து, படமும் பதிவும் மீண்டும் வரும் வாய்ப்பு மிகுதி என்று காட்டினாலும் அப்படியே கொள்வர்.

வளர்ந்த ஆளுக்குப் புதிதாக வலிப்பு வந்தால் 'ஏன்' என்று கேட்டே தீரவேண்டும். தலைக் காயம், பக்கவாதம், மூளைக் கட்டி, மூளைக் காய்ச்சல் என்று காரணம் பல. எவ்வளவு தேடினாலும் காரணம் புலப்படாமல் போவதும் உண்டு. தலைக்கவசம் அணியாமல் வண்டியில் பறக்கும் தம்பி இதைப் படிக்கட்டும்!

காரணங்களுள் ஒன்று நம் போன்ற நாடுகளுக்கே பெரும் பகை: பன்றி நாடாப்புழு. "நான் பன்றிக்கறி தொட்டதே இல்லை, எனக்கெப்படி?" என்று கேட்பார் சைவர். சரியாக வேகாத கறியை உண்டவர் குடலிலே புழு வளர்கிறது. அதன் முட்டை அவர் மலத்தோடு வெளியேறுகிறது. வெட்டவெளியிலே மலம், அதன்மேல் மழை, மழைநீர் காய்கறிப் பாத்தியிலும் குடிநீரிலும். அதை விழுங்கியவர் கறி உண்பவரானாலும், காயே உண்பவரானாலும், முட்டைக்கு வேறுபாடு தெரியாது. மூளையிலே சென்று கட்டியாகக் குடியேறிவிடுகிறது. இப்புழு மிகுந்த பல நாடுகளில் வலிப்பு நோயாளிகளில் நூற்றுக்கு 30 பேருக்கு இதுவே காரணம். ஊருக்குக் கழிப்பிடமும், சாக்கடையும், தூய குடிநீரும் கேட்டுப் போராடுகிறீர்களே, அதுவும் மூளைக்குச் செய்யும் மருத்துவமே!

இனி மருந்து. 1912-இல் ஜெர்மன் மருத்துவர் ஹாப்ட்மன் பீனோபார்பிடோன் வலிப்பை அடக்குவதைக் கண்டார். 1938-இல் அமெரிக்காவிலே மெரிட், பட்னம் இருவரும் ஃபெனிடாயினின் பயனை உலகுக்கு உரைத்தார்கள். பின்னர் கார்பமசெபின், வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின், லெவெட்டிராசெட்டம் என்று வரிசையாய் வந்தன. வலிப்பின் வகை அறிந்து, ஒரே மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துவர். வகை அறியாமல் கொடுத்தால் கெடுதலும் உண்டு. காலையில் தோள் வெட்டும் வகைக்குக் கார்பமசெபின் கொடுத்தால் வலிப்பு கூடிவிடலாம். எனவே, அண்டை வீட்டார் மாத்திரையைக் கடன் வாங்கி விழுங்காதீர்! மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் தோலில் தடிப்போ, வாய்ப்புண்ணோ, காய்ச்சலோ கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள்.

2000-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரிலிருந்து வெளியான ஆய்வு 525 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தது. அதற்குமுன் மருந்தே உண்ணாதவர்களில் நூற்றுக்கு 47 பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. மேலும் 13 பேருக்கு இரண்டாவது மருந்தில் நின்றது. பாதிப் பேருக்கு முதல் மாத்திரையிலேயே விடுதலை! ஆனால் ஒரு நிபந்தனை: மாத்திரையை நாள் தவறாமல் விழுங்க வேண்டும். "நான்கு மாதமாக வரவில்லை, எதற்கு மாத்திரை?" என்று நிறுத்துகிறாரே, அங்கேதான் அழிவு. வராததற்குக் காரணமே அந்த மாத்திரை! திடீரென்று நிறுத்தினால், நிற்காத வலிப்பாகத் திரும்பி வந்து உயிரையே பறிக்கக்கூடும். குறைந்தது 2 ஆண்டு வலிப்பின்றி இருந்தபின், நிறுத்தலாமா என்பதை மருத்துவரோடு கலந்து முடிவு செய்யலாம்; நிறுத்துவதும் மெல்ல மெல்ல.

இரண்டு மருந்துகளைச் சரியாகக் கொடுத்தும் அடங்கவில்லையா? அப்போதும் பூசாரியிடம் போக வேண்டா. பெரிய நரம்பியல் மருத்துவமனைக்குப் போங்கள். மூளையில் வலிப்புக்கு ஊற்றான சிறு பகுதியை அறுவை செய்து அகற்றும் முறை உண்டு. 2001-இல் வெளியான கனடா நாட்டு ஆய்வில், பொட்டுமடல் வலிப்பில் அறுவை பெற்றோரில் நூற்றுக்கு 58 பேர் ஓராண்டு முடிவில் நினைவிழக்கும் வலிப்பின்றி இருந்தனர். மருந்து மட்டும் பெற்றோரில் 8 பேரே. இது அயல்நாட்டுக்கு மட்டும் உரிய அதிசயமா? அல்ல! 1949-இல் வேலூரிலே டாக்டர் ஜேக்கப் சாண்டி மூளை அறுவைத் துறையைத் தொடங்கினார். 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலே டாக்டர் பி. இராமமூர்த்தி தொடங்கினார். வலிப்புக்கான அறுவை 1952-இலேயே வேலூரில் நடந்தது. மருத்துவம் நம் மண்ணுக்கு வந்து எழுபது ஆண்டு கடந்துவிட்டது. மந்திரிக்கும் கூட்டம்தான் இன்னும் குறையவில்லை!

பெண்ணுக்கு இந்த நோய் இழைக்கும் கொடுமை இருமடங்கு. ஆணுக்கு வந்தால் மறைத்து மணம் முடிப்பர். பெண்ணுக்கு வந்தால் மறைத்தாள் என்று விரட்டுவர். சட்டமும் அதற்குத் துணை நின்றது! இந்து திருமணச் சட்டத்திலே 1976-ஆம் ஆண்டுத் திருத்தம், அடிக்கடி வரும் வலிப்பையும் மணத்துக்குத் தடையாகச் சேர்த்தது. 1999-இல்தான் அந்தச் சொல்லை நாடாளுமன்றம் நீக்கிற்று. சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டது. மாமியார் வாயிலிருந்து எப்போது போகும்? வலிப்புள்ள பெண் மணக்கலாம், தாயாகலாம், பாலூட்டலாம். கவனம் வேண்டியது மருந்திலே. கருவுற்ற காலத்தில் வால்ப்ரோயேட் உண்ட தாய்மாரின் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வருகிறது. பத்தில் மூன்று நான்குக்கு அறிவு வளர்ச்சியில் குறை காண்கிறது. ஆதலால் கருவுறுமுன்பே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கருவுற்றபின் அஞ்சித் தானாக நிறுத்திவிடக் கூடாது. சில மருந்துகள் கருத்தடை மாத்திரையின் வலிமையைக் குறைத்துவிடும்; அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொழிற்சாலைக்கு வருவோம். வலிப்பு என்று தெரிந்ததும் கணக்கு முடித்து அனுப்பும் முதலாளி இருக்கிறார். அதனால் தொழிலாளி மறைக்கிறார். மறைப்பதால் உணவு வேளையில் மாத்திரை விழுங்கக்கூட அஞ்சுகிறார். அஞ்சி விட்ட மாத்திரை அவரை எந்திரத்தின் மேலேயே தள்ளுகிறது. குற்றம் யாருடையது? உயரத்து வேலை, திறந்த உலை, காப்பில்லாத எந்திரம், வண்டி ஓட்டுதல், தனியே நீரில் இறங்குதல் ஆகியவை வலிப்பு அடங்காதவருக்கு ஆகா, மெய்தான். அதற்காக வேலையே ஆகாது என்பது எந்த நீதி? கணக்கு எழுதலாம், துணி மடிக்கலாம், பொருள் சரிபார்க்கலாம், பள்ளியில் பாடம் சொல்லலாம். இடம் மாற்று, ஆளை மாற்றாதே என்று கேட்க வேண்டியது தொழிற்சங்கத்தின் கடமை. தூக்கம் கெட்டால் வலிப்பு மிகும். ஆகவே இரவு முறையிலிருந்து விலக்கும் கேளுங்கள்.

அரசுக்கும் ஒரு சொல். 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் முறையை நாடறியச் செய்தது. வலிப்புக்கோ மாத்திரை ஒரு நாள் இல்லையென்றாலும் கேடு. சிற்றூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்த மாத்திரை தீராமல் இருக்க வேண்டும். கூலியை விட்டுவிட்டு மாதந்தோறும் நகரத்துக்குப் பேருந்தேறும் ஏழை, ஒரு மாதம் ஏறாமல் விட்டால், அந்தத் தவறு அவருடையது மட்டும்தானா? 2022-இல் உலக நாடுகள் கூடி 2031 வரைக்குமான வலிப்பு நோய்ச் செயல்திட்டத்தை ஏற்றன. தாளிலே ஏற்றதைத் தாலுகாவிலே காட்டுக என்கிறோம்.

தோழர்களே! மன்றத்திலே கூடும்போது ஒருநாள் இந்தப் பேச்சை எடுங்கள். படிப்பகப் பலகையிலே முதலுதவி முறையைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள். உங்கள் தெருவிலே வலிப்பு என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர் யார் என்று கேளுங்கள், கதவைத் தட்டுங்கள், கைப்பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், கண்டதைச் சாட்சியாக நின்று சொல்லுங்கள். மாத்திரை தீருமுன் நினைவூட்டுங்கள். அவர் வீட்டுத் திருமணத்துக்கு முதல் ஆளாகப் போய் உட்காருங்கள்.

இரும்பு உலையிலே கிடக்கட்டும். கலப்பையாகட்டும், தறியாகட்டும், தண்டவாளமாகட்டும். நோயாளியின் கையிலே நாம் வைக்க வேண்டியது நாள் தவறாத மாத்திரை. அவர் தோளிலே வைக்க வேண்டியது நம் கை!